சந்தையில் இன்று என்ன வந்திருக்கிறது? ஸ்பானிய சமையல் கேள்வி-பதில்

கோடை வந்ததும் கஸ்பாச்சோ என்னும் குளிர்ந்த தக்காளி சூப் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: கஸ்பாச்சோ செய்தால் தண்ணீர் கலந்த தக்காளிச் சாறு போலவே வருகிறது. எங்கே தவறு செய்கிறேன், அக்கா?

பெரும்பாலும் தக்காளியில்தான் தவறு இருக்கும். தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் இது ஜூலை, ஆகஸ்ட் மாதச் சாப்பாடு. செடியிலேயே பழுத்து, கையில் எடுத்தால் அமுங்குகிற தக்காளியில் செய்வார்கள். வெளுத்த, கெட்டியான தக்காளிதான் கிடைக்கிறது என்றால் அன்று கஸ்பாச்சோ வேண்டாம். எவ்வளவு வினிகர் விட்டாலும் அந்தக் குறை தீராது.

ஒரு கிலோ தக்காளிக்கு காரமில்லாத பச்சை மிளகாய் ஒன்று (நீளமாக இருக்கும் வகை), பாதி வெள்ளரிக்காய், ஒரு பல் பூண்டு, உப்பு, 50 கிராம் பழைய ரொட்டி. ரொட்டியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், குழைவைத் தருவதே அதுதான். தண்ணீர் சேர்க்காமல் அரையுங்கள். மிக்ஸி ஓடும்போதே கால் கப் ஆலிவ் எண்ணெயை நூல் போல விடுங்கள். செக்கச்செவேல் என்றிருந்தது ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். எண்ணெயும் தக்காளி நீரும் ஒன்றாகக் கலந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். கடைசியில் இரண்டு ஸ்பூன் ஹெரெஸ் (ஷெர்ரி) வினிகர். வடிகட்டி, இரண்டு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு வயல்வேலைக்காரர்கள் ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர் ஆகியவற்றை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். அந்தப் பழைய வடிவம் மலாகா பக்கத்தில் 'அஹோ பிளாங்கோ' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. பாதாமும் பூண்டும் அரைத்த வெள்ளைக் குளிர்சூப், மேலே நாலு திராட்சை. தக்காளி சரியில்லாத மாதங்களில் நான் அதற்குத்தான் போவேன்.

கேள்வி: பயேயா செய்யும்போது அரிசியைக் கிளற வேண்டாம் என்கிறார்கள். அடிப்பிடிக்காதா?

அடிப்பிடிக்க வேண்டும் என்பதுதான் விஷயமே! வலென்சியாக்காரர்கள் அடியில் பொன்னிறமாக ஒட்டும் அந்தப் படலத்தை 'சொக்கராட்' என்று சொல்லி, போட்டி போட்டுச் சுரண்டிச் சாப்பிடுவார்கள். பொன்னிறம் வேறு, கருகல் வேறு. தண்ணீர் வற்றிய பிறகு மெல்லிய படபட ஓசை கேட்கும், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கருகல் வாசனை வருவதற்குள் இறக்கி, ஒரு துணி போட்டு மூடி ஐந்து நிமிடம் விடுங்கள்.

பயேயா என்பது முதலில் அந்த அகலமான, ஆழமில்லாத சட்டியின் பெயர். அரிசி மெல்லிய அடுக்காகப் பரவியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அகலம். குழம்புச் சாறு கொதிக்கும்போது அரிசியைத் தூவி, ஒரு முறை சமப்படுத்தினால் போதும். கிளறினால் மாவு கசிந்து கொழகொழவென்று ஆகிவிடும். பொம்பா அரிசிக்கு ஒரு பங்குக்கு மூன்று பங்கு சாறு, 18 நிமிடம். பாசுமதி சரிப்படாது. சாற்றின் ருசியை உறிஞ்சிக்கொண்டும் உடையாமல் நிற்கிற குட்டை அரிசிதான் வேண்டும்.

வலென்சியாவின் பழைய பயேயாவில் கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், 'கர்ரோஃபோ' என்னும் பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ இருக்கும். குளிர்காலத்தில் கூனைப்பூவும் (ஆர்டிசோக்) சேரும். எந்த மாதம் என்ன விளைகிறதோ அதுவே சட்டிக்குள் போகும். மதியம் சாப்பிடுகிற உணவு இது, இரவுக்கு வேண்டாம்.

கேள்வி: ஆலிவ் எண்ணெயில் பொரித்தால் நச்சாகிவிடும் என்கிறார் என் மாமியார். உண்மையா?

இல்லை. ஸ்பெயினில் தலைமுறை தலைமுறையாக அதில்தான் பொரிக்கிறார்கள். 170, 180 டிகிரி சூட்டை நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெய் தாங்கும், புகைய விடாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஹாயென் மாகாணத்தின் 'பிக்குவால்' வகை பொரிக்க ஏற்றது. 'அர்பெகினா' மென்மையானது, அதைப் பச்சையாகச் சாலட்டில் ஊற்றுங்கள்.

உடல்நலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதய நோய் வரும் அபாயம் அதிகமுள்ள 7,447 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு 2013இல் வெளிவந்தது. பங்கேற்றவர்களைக் குழுக்களாகப் பிரித்ததில் சில இடங்களில் பிழை தெரிந்ததால் 2018இல் அதைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. மத்தியதரைக்கடல் உணவோடு ஆலிவ் எண்ணெயோ பாதாம் போன்ற கொட்டைகளோ சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைவு. ஆனால் அவர்கள் காய்கறி, பருப்பு, மீன் எல்லாம் சாப்பிட்டார்கள். மற்றதை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணெயை மட்டும் மாற்றினால் அந்தப் பலன் வரும் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: டின், பாட்டில் காய்கறி வாங்கலாமா? புதியதுதான் நல்லது என்கிறீர்களே.

நல்ல கேள்வி. வட ஸ்பெயினின் நவார்ராவில் 'பிக்கியோ' மிளகாயைத் தீயில் சுட்டு, தோலுரித்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். அறுவடை நாளிலேயே பருவத்தைப் பிடித்து வைக்கிற வேலை அது, தயங்காமல் வாங்குங்கள். வெள்ளை அஸ்பாரகஸும் அப்படியே. ஆனால் வசந்தத்தில் அங்கே இருந்தால் புதியதைச் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள். "ஏப்ரல் மாதத்து அஸ்பாரகஸ் எனக்கு, மே மாதத்தது எஜமானுக்கு, ஜூன் மாதத்தது யாருக்கும் வேண்டாம்" என்ற பொருளில் அங்கே ஒரு பழமொழியே உண்டு.

கேள்வி: வலென்சியாவில் படிக்கிறேன். கொண்டைக்கடலை எவ்வளவு வெந்தாலும் கல்லாகவே இருக்கிறது.

உங்கள் ஊர்த் தண்ணீர் கடினத்தன்மை உள்ளது. அதிலுள்ள கால்சியம் கடலையின் தோலை இறுக்கிவிடும். ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, அலசிவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கடலையைப் போடுங்கள், நடுவில் தண்ணீர் வேண்டுமென்றால் அதுவும் சுடுதண்ணீராக இருக்கட்டும். அஸ்தூரியாவின் வெள்ளை பீன்ஸுக்கு நேர்மாறு: குளிர்ந்த நீரில் தொடங்கி, கொதிக்கும்போது இரண்டு மூன்று முறை குளிர்ந்த தண்ணீர் தெளிப்பார்கள். பீன்ஸைப் 'பயமுறுத்துவது' என்று அதற்குப் பெயர்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ஸ்பெயினில் என்ன சாப்பிடுவது?

கொஞ்சம் கவனமாக இருங்கள். பருப்புச் சூப்பில் சொரிசோ தொத்திறைச்சி இருக்கும். கோர்டோபாவின் கெட்டியான தக்காளி சூப் சால்மொரெஹோவின் மேல் பன்றி இறைச்சியும் முட்டையும் தூவுவார்கள். காய்கறி உணவு என்று எழுதியிருந்தாலும் இறைச்சித் துண்டு உண்டா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். நம்பிச் சாப்பிடக் கூடியவை: கத்தலோனியாவின் 'எஸ்கலிவாதா' (சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய், வெங்காயம்), லா மாஞ்சாவின் 'பிஸ்தோ' என்னும் காய்கறிக் கூட்டு (முட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள்), செவில்லில் சீரகம் போட்டுச் செய்கிற கீரை-கொண்டைக்கடலை. கடைசியில் சொன்னது வீட்டுச் சாப்பாடு போலவே இருக்கும்.

கேள்வி: நெத்திலியை வினிகரில் ஊறவைத்துப் பச்சையாகச் சாப்பிடலாமா?

உறையவைத்த பிறகு மட்டும். மீனில் இருக்கும் அனிசாக்கிஸ் புழுவை வினிகர் கொல்லாது. வீட்டு ஃபிரீசரில் மைனஸ் 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

கேள்வி: பிப்ரவரியில் பார்சிலோனா போகிறோம். அந்தச் சமயத்துக்கென்றே ஏதாவது உண்டா?

கல்சோட்! தாரகோனா பக்கம் வால்ஸ் என்ற ஊரின் பெருமை அது. நீளமான இளம் வெங்காயத்தைத் திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சித் தீயில் வெளித்தோல் கரியாகும்வரை சுட்டு, செய்தித்தாளில் சுற்றி வைப்பார்கள். நீங்கள் கரித்தோலை உருவிவிட்டு, தக்காளியும் பூண்டும் பாதாமும் வறுத்து அரைத்த சட்னியில் தோய்த்து, தலையை அண்ணாந்து வாயில் இறக்க வேண்டும். கழுத்தில் ஒரு துணி கட்டிவிடுவார்கள், ஆனாலும் வெள்ளைச் சட்டை வேண்டாம். கடைசியில் ஆரஞ்சு வரும். அதுவும் அந்த மாதத்தில் மரத்திலிருந்து பறித்ததுதான்.