மொய்க் கவரில் கிஃப்ட் கார்டு வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. நான் தனியார் பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். என் பெயரில் 60,000 ரூபாய் லிமிட் உள்ள கிரெடிட் கார்டு இருக்கிறது. போன பனிக்காலத்தில் இலை குறைந்தபோது பிள்ளைகள் ஃபீஸ், உரம், மாமியார் மருத்துவச் செலவு எல்லாம் அதில்தான் போனது. இப்போது பாக்கி 48,000. ஸ்டேட்மென்டில் வட்டி 3.5% என்று இருக்கிறது. மினிமம் டியூ 2,400 தவறாமல் கட்டுகிறேன், ஆனால் பாக்கி குறைவதாகவே தெரியவில்லை. கார்டு இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், பாக்கி தெரியாது. வரும் ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு கூடலூர். இவர்தான் ஒரே தாய்மாமன். பத்தாயிரமாவது வைக்க வேண்டும் என்கிறார். கையில் பணம் இல்லை. பேங்க் ஆப்பில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் கிஃப்ட் கார்டு 10,000 ரூபாய்க்கு வருகிறது, பாயின்ட்டும் உண்டாம். அதைக் கார்டில் வாங்கி நல்ல கவரில் போட்டுக் கொடுத்தால் கௌரவமாக இருக்கும் அல்லவா? லிமிட்டை ஒரு லட்சமாக்கித் தருவதாகவும் போன் வருகிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, அந்தக் கிஃப்ட் கார்டை வாங்க வேண்டாம். லிமிட்டையும் ஏற்ற வேண்டாம்.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. நீங்கள் ஊதாரித்தனம் செய்து இந்தக் கடனுக்கு வரவில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகினால் ஃபேக்டரியிலிருந்து வரும் இலைப் பணம் சுருங்கும். பள்ளிக்கூடமும் மருந்துக்கடையும் அதற்காகக் காத்திருக்காது. சிறு தோட்டக்காரர் வீடுகளில் அந்த ஓரிரு மாதத்தை முன்பெல்லாம் ஃபேக்டரி அட்வான்சும் மளிகைக்கடைப் பற்றும் தாங்கின. உங்கள் வீட்டில் கார்டு தாங்கியிருக்கிறது. கடிதம் முழுக்க ஒரு குற்றவாளியின் குரலில் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு அவசியமே இல்லை. கணக்கை மட்டும் பார்ப்போம்.

3.5 சதவீதம் என்பது ஒரு மாதத்துக்கு. ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை ரூபாய் வட்டி, வருடத்துக்கு 42 சதவீதம். பஜாரில் ஒருவர் உங்களிடம் மூன்றரை ரூபாய் வட்டி கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பீர்கள். கார்டுக்கு மட்டும் இப்படி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமில்லை என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது உண்மைதான். அந்த உத்தரவை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே நம்மைக் காப்பாற்ற உச்சவரம்பு எதுவும் இல்லை, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 48,000-க்கு ஒரு மாத வட்டி 1,680. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 302 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,982. நீங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டும் 2,400-ல் கடனில் கழிவது வெறும் 418 ரூபாய். பாக்கி குறையவில்லையே என்று நீங்கள் நினைத்தது சரிதான், குறைவது கண்ணுக்கே தெரியாது. மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்காவது பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இனி அந்தப் பத்தாயிரத்துக்கு வருவோம். கார்டில் வாங்கினால் நாற்பது, ஐம்பது நாள் வட்டி கிடையாது என்று சொல்வார்கள். முந்தைய பில்லை முழுசாகக் கட்டியவருக்குத்தான் அந்தச் சலுகை. பாக்கி வைத்திருப்பவருக்கு வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். பத்தாயிரத்துக்கு மாதம் 350, ஜிஎஸ்டி 63, ஆக 413. கடனில் கழிந்துகொண்டிருந்த 418-லிருந்து இதையும் எடுத்துவிட்டால் மிச்சம் 5 ரூபாய். கல்யாணத்துக்குப் பிறகு மாதாமாதம் 2,400 கட்டுவீர்கள், கடன் 5 ரூபாய் குறையும். அதற்குள் மினிமம் டியூவே 2,900-க்கு ஏறியிருக்கும். பாயின்ட்டை நம்பாதீர்கள், கிஃப்ட் கார்டு வாங்கினால் பாயின்ட் தராத வங்கிகளும் உண்டு. தந்தாலும் ஒரு மாத வட்டிக்குக் காணாது.

பணக்கணக்கை விட்டுவிட்டாலும் இந்தப் பரிசு அந்தப் பெண்ணுக்கு உதவாது. கல்யாண மண்டபத்தில் மொய் மேசையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கவரைப் பிரித்துத் தொகையைச் சொல்ல, ஒருவர் நோட்டில் எழுத, இன்னொருவர் எண்ணிப் பைக்குள் போடுவார். உங்கள் கவரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையோ ஒரு நம்பர் அச்சடித்த தாளோ வரும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாய்மாமன், ஜவுளிக்கடை கார்டு" என்று எழுதுவார்கள். அன்று ராத்திரி மண்டப வாடகைக்கும் சமையல்காரருக்கும் கணக்குத் தீர்க்க உட்காரும்போது அந்த அட்டையால் உங்கள் நாத்தனாருக்கு ஒரு ரூபாய் பிரயோஜனம் இருக்காது. மொய் என்று ஒன்று ஏற்பட்டதே அந்த ராத்திரிக் கணக்குக்காகத்தானே!

மணப்பெண் அதைப் பயன்படுத்தட்டும் என்றால், அந்தக் கடை எங்கே இருக்கிறது? கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கிருந்து குன்னூர், மேட்டுப்பாளையம் என்று இறங்கிக் கோவை போக வேண்டும். புதுப்பெண் எப்போது மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டு அவ்வளவு தூரம் கிளம்புவாள்? பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் அந்த அட்டை கிடக்கும், தேதி முடிந்துவிடும். வங்கிகள் வெளியிடும் கிஃப்ட் கார்டு என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஓராண்டு செல்லும், 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது, பணமாக மாற்றவும் முடியாது. ஒரு கடை தன் கடைக்கு மட்டும் போடும் கார்டுக்கு அந்த விதி பொருந்தாது. எத்தனை மாதம் செல்லும் என்பதை அந்தக் கடையே வைத்ததுதான். கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகக்கடை கார்டு ஒன்று கொடுத்தால் அவன் அடுத்த சனிக்கிழமையே போய் வாங்கிவிடுவான், அங்கே அது நல்ல பரிசு. மலையில் வாழும் பெண்ணுக்குக் கையில் காசாகக் கொடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு நாத்தனார் வீட்டில் என்ன எழுதினார்கள் என்று மொய் நோட்டைப் புரட்டுங்கள். அதற்குக் குறையாமல் ஒரு தொகை, கடன் வாங்காமல் உங்களால் முடிந்தது. தாய்மாமன் சீருக்குப் புடவையும் மாலையும் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். கல்யாணம் ஆவணியில் என்கிறீர்கள். ஐப்பசியில் தலைதீபாவளி வருகிறது, மழைக்குப் பிறகு இலையும் ஓரளவு வரும் காலம் அது. அப்போது தாய்மாமன் கையால் ஒரு தொகை வைத்துக் கொடுக்கலாம். கல்யாணக் கூட்டத்தில் கொடுத்ததைவிட அந்தப் பெண்ணுக்கு அது நினைவில் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதை நீங்கள் தனியாக முடிவு செய்ய முடியாது. மேடையில் மாலையோடு நிற்கப் போகிறவர் உங்கள் கணவர். பாக்கியை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் இந்த வாரமே. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வேறு யார் மூலமாகவோ தெரிந்தால் பேச்சு கடனைப் பற்றி இருக்காது, மறைத்ததைப் பற்றித்தான் இருக்கும். பிள்ளைகள் தூங்கியபின் ஸ்டேட்மென்டைக் கையில் கொடுங்கள். "பனிக்காலத்துச் செலவு இது. நானே சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை" என்று சொல்லுங்கள். எது எதற்குப் போனது என்பதும் அதிலேயே இருக்கிறது: ஃபீஸ், உரம், அவருடைய அம்மாவின் மருந்து. அவர் கோபப்படலாம், படட்டும். அடுத்த நாள் காலையில் இருவருமாக உட்கார்ந்து யோசிப்பீர்கள். அக்காவிடமோ தங்கையிடமோ நிலைமையைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான், நீங்கள் இல்லை.

கடனைத் தீர்க்கும் வழி இருக்கிறது. முதலில் அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள், பெட்ரோலுக்குக்கூட. அடுத்து, மூன்றரை ரூபாய் வட்டியை ஒரு ரூபாய் வட்டிக்கு மாற்றுங்கள். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. மகளிர் குழுவில் இருந்தால் அங்கேயும் கேட்கலாம். ஒரு ரூபாய் வட்டியில் 48,000 வாங்கிக் கார்டை மொத்தமாக அடைத்துவிட்டு, இப்போது கட்டும் அதே 2,400-ஐ அங்கே கட்டினால் இரண்டு வருடத்துக்குள் முடியும், மொத்தம் 54,000-க்கு உள்ளே. அதே 2,400-ஐக் கார்டிலேயே கட்டிக்கொண்டிருந்தால் மூன்றரை வருடம் தாண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் போகும். நகையை அடகு வைக்க மனசு வராது என்பது தெரியும். ஆனாலும் இந்த இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

நகை இல்லையென்றால் கார்டு வங்கியையே கூப்பிட்டுப் பாக்கியை இஎம்ஐ-ஆக மாற்றச் சொல்லுங்கள். வட்டி கணிசமாகக் குறையும். பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு சம்மதியுங்கள். உரச்செலவுக்கு இனிமேல் கார்டு வேண்டாம். பெயரில்தான் கார்டே ஒழிய, கிசான் கிரெடிட் கார்டு உண்மையில் விவசாயக் கடன். குறிப்பிட்ட தொகை வரை வருடத்துக்கே 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். உங்கள் தேயிலைக்குக் கிடைக்குமா என்று கணவரை வங்கிக் கிளையில் கேட்கச் சொல்லுங்கள். நம் மலையில் பல தோட்டங்கள் இன்னும் கூட்டுப் பட்டாவில் கிடக்கின்றன, உங்களுடையதும் அப்படியென்றால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

லிமிட் ஏற்றும் போன் பற்றி. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எந்த வங்கியும் லிமிட்டை உயர்த்தக் கூடாது. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுங்கள். பேசுபவர் ஓடிபி கேட்டால் அவர் வங்கி ஆள் இல்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

இன்னொன்று, கார்டின் பில் தேதியைக் குறைந்தது ஒருமுறை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஃபேக்டரியில் இலைப் பணம் எந்தத் தேதியில் போடுகிறார்களோ, அதற்குப் பிறகு கடைசித் தேதி வருகிற மாதிரி மாற்றக் கேளுங்கள். பாக்கி முழுவதும் அடைந்தபின் கார்டை மூட விரும்பினால் எழுத்தில் கொடுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.