புது டீச்சருக்கு ஆய்வு எதற்கு?

கேள்வி: ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து இது முதல் வருடம். ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமான டயட்டில் செயலாய்வு (வகுப்பில் காணும் சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து சரிசெய்யப் பார்ப்பது) செய்ய என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். “பழைய அறிக்கை ஒன்று தருகிறேன், பெயரை மாற்றிக் கொடுத்துவிடு” என்கிறார் உடன் வேலை செய்யும் அக்கா. பாடம் நடத்தவே நேரம் போதவில்லை. இந்த ஆய்வால் எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: அந்தப் பழைய அறிக்கை வேண்டாம் அம்மா. அக்காவிடம் மரியாதையாகவே மறுத்துவிடுங்கள். ஆசிரியர் பயிற்சியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வந்தவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம். முதல் சில வருடங்களில் படிகிற பழக்கம் கடைசி வரை கூடவே வருகிறது.

ஆய்வு என்றதும் புள்ளியியல், ஸ்பைரல் பைண்டிங் என்று மிரள வேண்டாம். நாளைக்கே கரும்பலகையில் 402 − 178 என்று எழுதிப் போடுங்கள். விடை 224. சில நோட்டுகளில் 376 இருக்கும். அந்தக் குழந்தை மேலே எது, கீழே எது என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. இன்னொன்றில் 274 இருக்கலாம். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் பூஜ்யம் இருக்கவே, அதைத் தாண்டி நூறாமிடத்திலிருந்து நேராக ஒன்றாமிடத்துக்கு வாங்கிவிட்டது. அப்புறம் பூஜ்யத்தில் ஏழு போகாது என்று ஏழை அப்படியே இறக்கிவிட்டது. 234 எழுதிய குழந்தை கிட்டத்தட்ட கரை சேர்ந்துவிட்டது. பூஜ்யத்தைப் பத்தாக்கி, ஒன்றாமிடத்துக்குக் கொடுத்த பிறகு ஒன்பதாகக் குறைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றுக்கும் நாம் சிவப்பு மையில் போடுவது ஒரே தப்புக் குறி!

இந்த விடைகளை ஒரு தாளில் வகை பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்து, “எப்படிப் போட்டே, சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்பது கஷ்டம்தான். நமக்கு உடனே திருத்தத்தான் கை போகும். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் குச்சிக் கட்டுகளை வைத்து நடத்துங்கள். நூறு குச்சிக் கட்டைப் பத்துக் கட்டுகளாகப் பிரித்து, அதில் ஒரு கட்டைக் குழந்தையே அவிழ்த்தால், மீதி ஒன்பது கட்டும் கண் முன்னால் இருக்கும். இரண்டு வாரம் கழித்து 503 − 267 கொடுத்துப் பாருங்கள். எந்த வகைப் பிழை போயிற்று, எது இன்னும் நிற்கிறது என்று எழுதினால் அதுதான் உங்கள் செயலாய்வு. பலன் இல்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

ஃபைலில் போட்டு மூடுவதற்காக இந்த முறை பிறக்கவில்லை. 1946இல் உளவியலாளர் கர்ட் லெவின் செயலாய்வு பற்றி எழுதினார். 1953இல் அமெரிக்காவின் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிக்குக் கொண்டுவரப் புத்தகம் எழுதினார். பாடம் நடத்துகிறவரே ஆய்வாளராகவும் இருக்க வேண்டும் என்று 1975இல் வாதாடியவர் இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் குச்சிக் கட்டு காட்டாதீர்கள். மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அறிக்கையில் குழந்தைகளின் பெயரும் வேண்டாம்.

கேள்வி: நான் மெட்ரிக் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்களிடம் யாரும் ஆய்வு கேட்பதில்லை. நானாகச் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் தனியாக வேண்டாம். ஜப்பானில் ‘ஜுக்யோ கென்கியூ’ என்றொரு வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பிலேயே இருந்து, பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். உங்களுக்கு, அந்த பீரியட் ஓய்வாக இருக்கும் ஒரு ஆசிரியர் போதும். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் நடத்துவதை அவர் மதிப்பிட வேண்டாம். நாலு மாணவர்களை மட்டும் பார்த்து, அவர்கள் எழுதுவதையும் கேட்பதையும் குறித்துத் தரட்டும். அடுத்த வாரம் நீங்கள் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள்.