லேகியம் இருக்கட்டும், பசிக்கிறதா?

கேள்வி: காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு மிகவும் இளைத்துவிட்டது. ஏழு தாதுக்களையும் வலுவாக்க யோகாவிலும் ஆயுர்வேதத்திலும் என்ன வழி? எந்த லேகியம் சாப்பிடலாம்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் கடந்து போக முடியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அநேகமாக உங்கள் வீட்டு அலமாரியில் இப்போது பாதி தீர்ந்த இரண்டு டப்பாக்கள் இருக்கும். உறவினர் யாராவது அக்கறையோடு வாங்கி வந்திருப்பார். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, இரவு பாலில் ஒன்று. எடை ஏறியிருக்காது, வயிறுதான் உப்பியிருக்கும்.

எனக்கு வந்தது டைபாய்டு. 63 கிலோ இருந்தவன் 54க்கு வந்தேன். காய்ச்சல் விட்ட மறுநாளே அம்மா உளுந்தங்களி கிண்ட ஆரம்பித்துவிட்டார். நெய், பாதாம், அமுக்கராப் பொடி (அஸ்வகந்தா) போட்ட பால், மாமா கொண்டுவந்த லேகியம் என்று ஒன்று மாற்றி ஒன்று. அன்பினால் செய்தார்கள், குறை சொல்லவில்லை. நானும் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று பக்கத்துத் தெருவில் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். அங்கே தினமும் 54 சூரிய நமஸ்காரம், மாதக் கடைசியில் 108 என்று கணக்கு வைத்திருந்தார்கள். காய்ச்சலில் இருந்து எழுந்தவன் என்று சொன்னேன். "செய்யச் செய்ய பலம் வரும்" என்றார்கள். இரண்டு மாதத்தில் 52 கிலோ. மாடி ஏறினால் படபடப்பு, நாக்கில் மாவு பூசியது போல வெள்ளை, சீப்பில் கொத்தாக முடி.

மருத்துவரிடம் போனேன். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எல்லாம் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆயுர்வேதம் பக்கம் வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டரைப் பார்க்காமல் பொடி தின்னச் சொல்கிறான் என்று யாரும் எழுத வேண்டாம். காரணம் தெரியாமல் உடம்பு இளைத்தால் நீங்களும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் ஒரு வயதான வைத்தியர். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "பசி உண்டோ?" என்றார். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்றேன். "அதைக் கேட்கவில்லை. பசிக்குதா?" யோசித்துப் பார்த்தால் கடைசியாக எப்போது பசித்துச் சாப்பிட்டேன் என்றே நினைவில்லை.

அவர் எனக்குப் புரியவைத்த விதத்தை அப்படியே சொல்கிறேன். சாப்பிட்டது செரித்து முதலில் ரசம் என்கிற சத்து நீராகிறது. அதிலிருந்து ரத்தம், மாமிசம், மேதஸ் என்கிற கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, கடைசியாகச் சுக்கிலம் என்கிற விந்து. நீங்கள் கேட்ட ஏழு தாதுக்கள் இவைதான். சித்த மருத்துவத்திலும் இதே ஏழுதான்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை (மஜ்ஜையைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்), ஆணுக்குச் சுக்கிலம் அல்லது பெண்ணுக்குச் சுரோணிதம். ஒன்று அடுத்ததை எப்படி ஊட்டுகிறது என்பதற்குப் பழைய உரைகாரர்கள் மூன்று உவமை சொல்கிறார்கள். பால் தயிராகி வெண்ணெயாகி நெய்யாவது போல என்பது ஒன்று. களத்து நெல்லைப் பொறுக்கிய புறாக்கள் அவரவர் தூரத்துக்குத் திரும்பிப் பறப்பது போல என்பது இன்னொன்று. எனக்குப் பளிச்சென்று பட்டது மூன்றாவது உவமை. வாய்க்கால் தண்ணீர் முதல் வயலை நிறைத்துவிட்டுத்தான் அடுத்த வயலுக்குப் போகும். எங்கள் ஊர் காவிரிக் கடைமடை. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் எங்கள் வயலுக்கு ஒரு சொட்டு வராது என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நானோ வாய்க்காலைத் தூர் வாராமல் அணையைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறேன். அக்கினி, அதாவது செரிக்கும் சக்தி, மந்தமாக இருக்கும்போது உள்ளே போகும் நெய்யும் லேகியமும் ஊட்டமாக மாறாமல் ஆமமாக, அதாவது செரிக்காத கழிவாக, தேங்கும் என்றார் வைத்தியர். என் நாக்கில் இருந்த வெள்ளையைத்தான் அதற்கு அடையாளமாகக் காட்டினார்.

இதெல்லாம் அறிவியலா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரசம் சுக்கிலமாக ஒரு மாதம் ஆகும் என்கிறது சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல். இன்றைய மருத்துவத்தில் ஒரு சிவப்பணுவின் ஆயுள் மட்டுமே ஏறக்குறைய 120 நாள். இரண்டும் ஒன்று என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. செரிமானத்தைச் சரிசெய்யாமல் சத்தைத் திணிக்காதே என்ற ஒழுங்கு எனக்கு வேலை செய்தது, அவ்வளவுதான்.

எல்லா டப்பாவையும் மூடச் சொன்னார் வைத்தியர். முதல் மூன்று நாள் நீர்த்த கஞ்சி. அப்புறம் கெட்டிக் கஞ்சி, அதன்பின் குழைந்த சோறும் பயத்தம்பருப்புத் தண்ணீரும். சோறு ஆரம்பித்ததும் முதல் கவளத்தில் அரை ஸ்பூன் நெய்யோடு அஷ்ட சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் சேர்ந்த பொடி அது. பதினோராம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பசித்தது. சமையலறை வாசலில் போய் நின்று "அம்மா, சோறு ஆச்சா?" என்று கேட்டேன். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் வைத்தியர் நெய்யைக் கூட்டி, பால் சேர்த்து, உளுந்தங்களியும் கொடுக்கச் சொன்னார். வாரம் இரண்டு நாள் இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் ஊறிக் குளித்தேன். லேகியம் கடைசியில் வந்தது, ஒரு மண்டலம் மட்டும்.

யோகாவிலும் இதே கதைதான். உடற்பயிற்சியைப் பாதி பலத்துக்குத்தான் செய்ய வேண்டும், அதுவும் நெய்ப்பான உணவு உண்ணும் பலசாலிகள்தான் என்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல். நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்த்து வாய் உலர ஆரம்பித்தால் பாதி முடிந்தது என்று அர்த்தம். 52 கிலோ உடம்புக்கு அந்தப் பாதி எட்டு சூரிய நமஸ்காரத்திலேயே வந்துவிட்டது. உடம்பை வளர்ப்பது பிரும்மணம், குறைப்பது லங்கனம். சென்னையில் பல காலம் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் மூச்சுக்கே இந்தப் பிரிவு உண்டு. இழுக்கும் மூச்சை நீட்டுவது பிரும்மணம், விடும் மூச்சை நீட்டுவது லங்கனம். நான் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியை நிறுத்திவிட்டு, கையை மெதுவாக உயர்த்தி மூச்சை நிதானமாக இழுக்கும் பயிற்சியும், முடித்ததும் கால் மணி நேரம் சவாசனமும் என்று மாற்றிக்கொண்டேன்.

இன்னொன்று தூக்கம். உடல் புஷ்டியாவதும் இளைப்பதும் தூக்கத்தைப் பொறுத்தது என்று பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் நேரடியாகச் சொல்கிறார். எனக்கு அதுதான் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த மாதங்களில் இரவு பன்னிரண்டு வரை தெருவில் கட்டிய ஸ்பீக்கர் அலறும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூன்று முறை போலீசில் எழுதிக் கொடுத்தேன். வந்து பார்ப்பார்கள், சத்தம் குறையும், அவர்கள் வண்டி தெருமுனை தாண்டியதும் மறுபடி ஏறும். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இப்படிப் பேசலாமா என்று என்னையே கேட்டார்கள். அந்தத் தெருவில் பச்சைக் குழந்தைகள் இருந்தன, ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. கடைசியில் பின்கட்டு ஸ்டோர் ரூமைக் காலி செய்து அங்கே படுத்தேன். எட்டு மாதத்தில் 60 கிலோ வந்தேன்.

எந்த லேகியம் என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். அமுக்கரா தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாமல் போகலாம். பஸ்பம் (உலோகம், தாதுப்பொருள்களைப் புடம் போட்ட பொடி) சேர்ந்தவற்றைத் தானாக வாங்கித் தின்னவே கூடாது. படித்த வைத்தியர் ஒருவரிடம் நேரில் காட்டிக் கேளுங்கள். அதுவரை கஞ்சி வைத்துக் குடியுங்கள். வைத்தியர் எனக்குச் சொன்ன அளவு, பச்சரிசி நொய் ஒரு பங்கு, தண்ணீர் 14 பங்கு. ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டு, அரிசி நன்றாகக் கரைந்ததும் இந்துப்பு சேர்த்து இறக்குங்கள். சூடாக, பசித்த பிறகு.