ஓவனில் வெளுத்த நீலம் போலியா?

கேள்வி: வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். செயற்கை நிறம் வேண்டாம் என்று ஆன்லைனில் 'நீல ஸ்பைருலினா' பவுடர் வாங்கினேன். மாவில் அழகான நீலம். ஓவனிலிருந்து எடுத்தால் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஏமாந்துவிட்டேனா? அதே கடையில் 'மண் பாக்டீரியாவின் இயற்கைச் சிவப்பு' என்று ஒன்றும் விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: வெளுத்தது நல்ல அறிகுறிதான். ஸ்பைருலினாவைப் பாசி என்று விற்றாலும் அது பாக்டீரியா இனம். அதன் நீலமான ஃபைகோசயனின் புரதத்தோடு பிணைந்தது. சூடு 60 டிகிரியைத் தாண்டினால் புரதம் குலைந்து நிறமும் போய்விடும். கேக்கின் நடுப்பகுதியே 90-ஐத் தாண்டுகிறதே! எலுமிச்சைச் சாறும் அதற்கு ஆகாது.

சந்தேகம் தீர ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். அசல் என்றால் நீலத்துக்குள் ஒரு செம்மை மினுங்கும். பிறகு பாதியைக் கொதிக்கவிடுங்கள். அசல் வெளுக்கும். லேபிளில் ஐ.என்.எஸ். 133 என்ற எண்ணோடு வரும் செயற்கை நீலம் கலந்திருந்தால் நிறம் அப்படியே நிற்கும். அசல்தான் என்றால் மேலே பூசும் கிரீமில், ஐஸ்கிரீமில் தாராளமாகக் கலக்கலாம். 'பேக்கிங்குக்கு ஏற்றது' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் மட்டும் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

சிவப்பை வாங்காதீர்கள். பாக்டீரியாச் சிவப்பு என்றால் பெரும்பாலும் புரோடிஜியோசின். துணிச் சாயமாக, கிருமிக்கொல்லியாக, புற்றுநோய்க்கு எதிராக ஆய்வகங்களில் சோதித்து வருகிறார்கள். உணவு நிறமாக நம் நாட்டில் அதற்கு அனுமதி இல்லை. அதைத் தரும் செராஷியா மார்செசன்ஸ், ஆஸ்பத்திரிகளில் தொற்று உண்டாக்கும் கிருமியும்கூட. சரியாகச் சுத்திகரித்தார்களா என்றே தெரியாத பொடியைப் பிறந்தநாள் கேக்கில் போடுவதை நினைத்தாலே பதறுகிறது.

மண்ணிலிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது. இத்தாலியில் காஸ்டெல் டெல் மான்டே கோட்டைப் பக்கம் எடுத்த மண்ணில் 1950களில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா கிடைத்தது. அதன் வழியில் வந்ததுதான் டாக்சோரூபிசின் என்ற செந்நிற மருந்து. எத்தனையோ புற்றுநோயாளிகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் நர்ஸ்கள் கையுறை இல்லாமல் அதைத் தொடுவதில்லை. அளவு கூடினால் இதயத்தையே கெடுக்கும்.

இனி எந்த 'இயற்கை நிறம்' வாங்கினாலும் நிறமியின் பெயரையும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணையும் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கும் கடையில் ஆர்டர் போடாதீர்கள்.