கியர்பாக்ஸ் வரும்வரை – கடிதம்

வணக்கம் ஐயா,

நானும் மனைவியும் ஆக்லாந்தில் இருக்கிறோம். இந்த மே மாதம் எங்கள் 38 அடி பாய்மரப் படகில் டொங்கா, ஃபிஜி என்று சுற்றக் கிளம்பினோம். திரும்பும் நேரத்தில் ஃபிஜியின் துறைமுக ஊரான லௌடோகா பக்கம் கியர்பாக்ஸ் போய்விட்டது. புதியது ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள். அக்டோபர் பாதி ஆகிவிட்டது, பார்சலைக் காணோம். நவம்பர் கடைசியில் டொரொன்டோவில் தங்கை மகளுக்குக் கல்யாணம், நான்தான் தாய்மாமன். கூட வருவதாக இருந்த நண்பர் லீவு முடிந்து போய்விட்டார். எங்களுக்குள் எதற்கெடுத்தாலும் சண்டை. இன்ஜின் இல்லாமல், பாயை மட்டும் நம்பிப் புறப்பட்டுவிடலாமா? இல்லையென்றால் இந்தக் காத்திருப்பை எப்படித்தான் தாங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

இன்ஜின் இல்லாமல் புறப்பட வேண்டாம். ஜோஷுவா ஸ்லோக்கம் என்ற மாலுமி இன்ஜினே இல்லாத பாய்மரப் படகில்தான் 1895 முதல் 1898 வரை தனியாளாக உலகைச் சுற்றிவந்தார், உண்மைதான். ஆனால் அவருக்குக் கல்யாணத் தேதி எதுவும் இல்லை. ஃபிஜியிலிருந்து உங்கள் ஊர்க் கரைக்குச் சுமார் 1,100 கடல் மைல். டாஸ்மன் கடல் வழியாக ஓர் உயர் அழுத்த மண்டலம், அதன் பின்னாலேயே ஒரு தாழ்வழுத்த மண்டலம் என்று கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்றாக மேற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். உயர் அழுத்தத்தின் நடுவில் மாட்டினால் காற்று செத்துவிடும். அந்த ஒன்றிரண்டு நாளை எல்லோரும் இன்ஜினைப் போட்டுத்தான் கடக்கிறார்கள். அடுத்த தாழ்வு தென்மேற்குக் காற்றை முகத்தில் அடிப்பதற்குள் கரையைப் பிடிக்க வேண்டுமே. கியர்பாக்ஸ் இல்லாவிட்டால் அந்தத் தாழ்வு வந்து சேரும்வரை நீங்கள் நடுக்கடலில் ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் கியர்பாக்ஸைவிட எனக்குக் கவலை தந்தது அந்தக் கல்யாணத் தேதி. ‘எங்கே வந்து சேர்வேன் என்று சொல்லலாம், எப்போது என்றும் சொல்லலாம், இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது’ என்பது நெடும்பயணம் போகிற படகுக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. நீங்கள் இரண்டையும் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டீர்கள். தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்காது, சரி. அதற்குப் பக்கத்து ஊரான நாண்டியில் விமான நிலையம் இருக்கிறது. இன்றைக்கே டிக்கெட்டைப் போடுங்கள்.

படகை என்ன செய்வது? நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். லௌடோகா பக்கத்திலேயே தரையில் குழி தோண்டி, படகின் அடிக்கட்டையை அதற்குள் இறக்கி, உடம்பை டயர்கள்மேல் உட்காரவைத்து, பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்டிவிடுவார்கள். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், பாதி புதைத்த மாதிரி. ஆனால் காற்றில் சாயாது. முன்பணம் கட்டி ஒரு குழியைப் பிடித்து வையுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் புயல் காலத்துக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாலிசியை எடுத்துப் பார்த்துவிடுங்கள். அக்டோபர் கடைசிக்குள் கியர்பாக்ஸ் பொருத்தி, ஒரு நாள் கடலில் ஓட்டியும் பார்த்துவிட்டால் கிளம்புங்கள். இல்லையென்றால் படகு குழிக்கு, நீங்கள் டொரொன்டோவுக்கு. முன்பணம் வீணாகப் போனாலும் போகட்டும்.

வீடு நெருங்கும்போதுதான் பொறுமை கரையும். இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகான ‘தாரிணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, ஃப்ரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் என்று நின்று, தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையையும் சுற்றி வந்தவர்கள். கேப்டவுனை விட்டால் அடுத்தது கோவா என்பதுதான் திட்டம். வழியில் ஸ்டீயரிங் கோளாறு. பட்டியலில் இல்லாத மொரிஷியஸின் போர்ட் லூயிஸுக்குள் போய்ச் சரிசெய்துகொண்டுதான் கிளம்பினார்கள். 2018 மே 21-ல் கோவா வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்களே போர்ட் லூயிஸில் நின்றார்கள் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். காற்றுக்குக் காத்திருப்பது ஒரு வகை. ஸ்லோக்கம் 1896-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் மகெல்லன் நீரிணையைத் தாண்டிப் பசிபிக்குக்குள் போனவர், புயலில் அடிபட்டு மறுபடி நீரிணைக்குள்ளேயே வந்து சேர்ந்தார். போர்ட் அங்கோஸ்டோ என்ற ஒதுக்கிலிருந்து ஆறு முறை கிளம்பித் திரும்பி, ஏழாவது முறை, ஏப்ரல் 13-ல்தான் வெளியே போக முடிந்தது. அதில் கோபப்பட ஆள் கிடையாது. பார்சலுக்குக் காத்திருப்பது அப்படியில்லை. கூரியர்காரர், கஸ்டம்ஸ், ஏஜென்ட் என்று திட்டுவதற்கு வரிசையாக ஆள் இருக்கிறார்கள். அதனால்தான் அது மனதை அரிக்கிறது. பார்சல் வேலையை உங்களில் ஒருவர் மட்டும் பாருங்கள். காலையில் ஒரே ஒரு தடவை போன், அதோடு சரி. மற்றவர் அதைப் பற்றிக் கேட்கவே கூடாது. பெட்டியின் மேலும் பில்லிலும் படகின் பெயரோடு ‘யாட் இன் ட்ரான்சிட்’ (வழியில் நிற்கும் படகு) என்று எழுதியிருக்கிறதா என்று அனுப்பியவர்களிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போனால் வரி, அபராதம் என்று கஸ்டம்ஸில் இன்னும் சில நாள் போகும்.

மிச்சப் பொழுதுக்குப் படகே வேலை வைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சும்மா நிற்கும் படகில் சில வாரங்களிலேயே கொட்டலசு என்ற ஓட்டுயிர் அப்பிவிடும். புரொப்பெல்லரில் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தால் புது கியர்பாக்ஸ் போட்டும் படகு நகராது, இன்ஜின் சூடாகும், பழி கியர்பாக்ஸின் மேல் விழும். நீருக்குள் மூச்சு விடும் ஸ்நார்க்கெல் குழாயும் சுரண்டும் தகடும் எடுத்துக்கொண்டு இறங்கிச் சுரண்டுங்கள். கடல்தண்ணீர் உள்ளே வரும் துளையை மறக்க வேண்டாம். தலைக்கு இறுக்கமான தொப்பி போடுங்கள், சுரண்டும்போது உதிரும் குட்டி இறால் காதுக்குள் போய்விடும். ராத்திரி முழுக்கக் காதுக்குள் யாரோ நடமாடுவது போலிருக்கும். அடிப்பாகம் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு நியூசிலாந்து ஏற்கும் வழிகளில் ஒன்று, போய்ச் சேர்வதற்கு முந்தைய 30 நாளுக்குள் கழுவியிருப்பது. நீங்கள் செப்டம்பரில் கழுவி ரசீது வாங்கியிருந்தால் அது காலாவதியாகிவிட்டது, மறுபடி கழுவ வேண்டும். டீசல் டாங்கை நிரப்பியே வையுங்கள். காலியிடம் இருந்தால் ஈரம் கோத்து அடியில் தண்ணீர் சேரும், அதில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

சண்டை விஷயத்தில் நான் சொல்ல அதிகமில்லை. 38 அடிக்குள் இரண்டு பேர் இருந்தால் அப்படித்தான். வாரத்தில் ஒரு நாளாவது படகைப் பூட்டிவிட்டுக் கரையில் இருங்கள். பஸ் பிடித்து நாண்டி முருகன் கோயிலுக்குப் போய்வாருங்கள். 1903 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தென்னிந்தியர்களின் வாரிசுகள் சுற்றிலும் இருக்கிறார்கள், பேச்சுக்குக் குறைவிருக்காது. லௌடோகா சந்தையில் வெண்டைக்காய், கத்திரிக்காய் வாங்கிச் சமையுங்கள். கடலுக்கென்று வைத்த டின்களில் இப்போது கை வைக்காதீர்கள்.

கடைசியாக, கூட வருவதற்கு ஆள். இந்த மாதத்தில் நியூசிலாந்துக்குப் படகு தேடி அலைகிறவர்கள் அங்கே நிறைய இருப்பார்கள், அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினால் போதும். யார் வந்தாலும், கியர்பாக்ஸை ஓட்டிப் பார்க்கும் அன்றைக்கு அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். குமட்டல் வந்தால் எப்படி இருக்கிறார், சொன்ன வேலையைச் செய்கிறாரா, உங்கள் மனைவிக்கு அவரைப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.