ஆழாக்கு, புளியங்கொட்டை, சங்குப்பூ: வாசகர் கேள்வி – பதில்

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் வீட்டிலேயே கையால் செய்து கற்கக்கூடியவை குறித்து வாசகர்களின் கேள்விகளை வரவேற்றிருந்தோம். வந்தவற்றுள் ஐந்துக்கு, முதல் வகுப்பு ஆசிரியையாகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவர் இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. அறிவை வளர்க்கும் என்று சொல்லி விற்கப்பட்ட விளையாட்டுப் பெட்டியை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டே நாளில் மூலையில் போட்டுவிட்டாள். ஆனால் நான் சமைக்கும்போது மட்டும் காலைச் சுற்றிவந்து, ‘நானும் செய்வேன்’ என்று அடம்பிடிக்கிறாள். அவளுடைய கவனத்தை எப்படித் திருப்புவது?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: திருப்ப வேண்டாம், அவள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறாள். மரக்கட்டைகளை அடுக்கி முடித்தால் அவற்றைத் திரும்பக் கலைக்கத்தான் போகிறோம், உரித்த பட்டாணியோ இரவு குருமாவில் வந்து சேரும் என்பது நான்கு வயதுக்கு நன்றாகவே விளங்கும். 1907-இல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரும் ஊற்றுதல், துடைத்தல், பொத்தான் மாட்டுதல் ஆகிய வீட்டு வேலைகளைக் குழந்தைகளுக்குரிய பயிற்சிகளாக வைத்தார். 1939-இல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார் என்பதால், இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல.

அடுப்புக்கும் அரிவாள்மனைக்கும் எட்டத்தில் ஒரு பாயை விரித்து, தாம்பாளத்தில் இரண்டு தம்ளர்களை வைத்து, ஒன்றில் பாதியளவு அரிசி போட்டு, அதை மற்றொன்றுக்கு மாற்றி ஊற்றுவதைப் பேசாமல், மிக மெதுவாக, ஒருமுறை மட்டும் செய்துகாட்டுங்கள். பேசிக்கொண்டே செய்தால் குழந்தை உங்கள் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. முதலில் சிந்தத்தான் செய்யும். சிந்திய அரிசியே அவளுக்குத் திருத்தம் சொல்லிவிடும் என்பதால், ‘பார்த்து, பார்த்து’ என்று நாம் எச்சரிக்கத் தேவையில்லை. அரிசி கைக்குப் பழகியதும் ரவை, அதன்பின் தண்ணீர்.

என் பேத்தி முதன்முதலில் பட்டாணி உரித்த நாளில், தோலை எங்கே அழுத்தினால் பிளக்கும் என்பதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஐந்து காய்கள் ஆயின. ஆறாவது காய் ‘டப்’ என்று வெடித்து, மணியொன்று அலமாரிக்கு அடியில் ஓடிவிட, தரையோடு தரையாகப் படுத்து அதை எடுத்துவந்து, ‘எட்டு’ என்றாள். நான் எண்ணச் சொல்லவே இல்லை.

வீட்டில் பழைய அளவைகள் கிடந்தால் அவற்றையும் இறக்கிக் கொடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று வாய்ப்பாடாகச் சொல்லிவைப்பதைவிட, படி நிரம்ப எட்டு ஆழாக்கு வேண்டியிருக்கிறது என்பதை அவளே கொட்டிப் பார்த்து அறிவது வெகுநாள் நிற்கும்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. அகலமான கிண்ணத்தில் உள்ள பாலை, அவன் கண்ணெதிரே உயரமான தம்ளருக்கு மாற்றினால், பால் அதிகமாகிவிட்டது என்கிறான். எத்தனை முறை விளக்கினாலும் ஒப்புக்கொள்வதில்லை. கணக்கில் பின்தங்கிவிடுவானோ?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: கவலை வேண்டாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலறிஞர் ழான் பியாஜே குழந்தைகளிடம் செய்துபார்த்த புகழ்பெற்ற சோதனையைத்தான் நீங்கள் அறியாமல் செய்திருக்கிறீர்கள். ஏறத்தாழ ஆறு, ஏழு வயது வரை பெரும்பாலான குழந்தைகள் உயரத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்; அகலம் குறைந்ததால்தான் உயரம் கூடியது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆற்றல் பிறகுதான் வரும். (உயரமான பாட்டிலைக் கண்டு ஏமாறும் வழக்கம் பெரியவர்களான நமக்கே இன்னும் முழுதாகப் போகவில்லை.) வாதாடி வெல்வதால் பயனில்லை. குளிக்கும் நேரத்தில் வெவ்வேறு வடிவப் பாத்திரங்களை வாளித் தண்ணீரோடு கொடுத்துவிட்டு, கூடவே இருந்து, ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று மட்டும் கேளுங்கள். ஒருநாள் அவனே, ‘இது ஒல்லியாக இருக்கிறது, அதனால்தான்’ என்பான்.

கேள்வி: பேரனுக்குப் பல்லாங்குழி கற்றுத்தர ஆசை. என் மாமியார் காலத்துப் பலகையும், ஒரு டப்பா நிறையக் குன்றிமணியும் பரணில் இருக்கின்றன. பேரனுக்கு ஐந்தரை வயது; அவன் தங்கைக்கு இரண்டு.
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: பலகையை இறக்குங்கள், அம்மா, அந்த டப்பாவை மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். குன்றிமணிக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. மேல்தோடு உடையாதவரை ஆபத்து குறைவு என்றாலும், கடித்து மென்றாலோ, ஓட்டை விழுந்திருந்தாலோ உயிருக்கே கேடாகும். ஆமணக்கு விதையும் அப்படித்தான். புளியங்கொட்டையோ சோழியோ போதும்.

பதினான்கு குழிகளிலும் வழக்கமான ஐந்து அல்லது ஆறு காய்களுக்குப் பதில், தொடக்கத்தில் மூன்று மூன்றாகப் போடுங்கள். குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்லும்போது ஓர் எண்ணுக்கு ஒரு பொருள் என்பது விரலில் ஏறிவிடுகிறது. சில வாரங்களில், எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று அவன் முன்கூட்டியே கண்ணால் எண்ணத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள்; அப்போது அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டு வயதுப் பேத்திக்கு எந்தக் கொட்டையும் கூடாது. தொண்டையில் அடைக்கும், மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் பயறு வகைகள் ஈரத்தில் ஊதி எடுக்கவே சிரமமாகிவிடும். அவள் உறங்கிய பிறகு ஆடுங்கள். விழித்திருக்கும்போது கொட்டாங்குச்சியும் கரண்டியும் கொடுங்கள்.

கேள்வி: மூன்றரை வயது மகனுக்குப் பள்ளியிலிருந்து தினமும் ஒரு பக்கம் ‘அ’ எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலைக் கண்டாலே ஓடுகிறான்.
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: ஓடுவதில் நியாயம் இருக்கிறது. ‘அ’ வளைவும் சுழிவும் நிறைந்த எழுத்து. அந்த வயதுக் கையில் அதற்குரிய பலம் இன்னும் வந்திருக்காது. ஆசிரியரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகப் பேசிவிட்டு, ஒரு தட்டில் அரிசிமாவைப் பரப்பி, நேர்க்கோடுகளாலான ட, ப ஆகியவற்றை விரலால் இழுக்கவிடுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நம் முன்னோர் மணலில் விரலால் எழுதித்தான் தொடங்கினார்கள். சப்பாத்தி மாவு பிசைவது, துணிக் கிளிப் மாட்டுவது, மூன்று புள்ளிக் கோலத்தில் புள்ளி வைப்பது எல்லாம் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கான பயிற்சிதான்.

கேள்வி: வீட்டிலேயே அறிவியல் சோதனை செய்துகாட்ட விரும்புகிறேன். மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கலாமா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெருங்கேடு, பிள்ளைகள் கையில் வேண்டாம். மஞ்சள் கறை படிந்த வெள்ளைத் துணியில் துணிசோப்பைத் தேய்த்தால் அது சிவப்பதை நீங்களே செய்துகாட்டலாம். குழந்தையே செய்வதற்குச் சங்குப்பூ நல்லது. நாலைந்து நீலப் பூக்களை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் மூன்று கிண்ணங்களில் பிரித்துக் கொடுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகி, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா இட்டால் பச்சை சாயும். மூன்றாவது கிண்ணத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் எதைப் போடலாம் என்று அலமாரியைத் துழாவத் தொடங்குவான். உப்போ, மோரோ, புளித்தண்ணீரோ, அவன் எடுப்பதைப் போடட்டும்.