நாற்பது பாகம் ஆழத்துக்கு ஒரு கேமரா

கேள்வி: பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். அவர் தூண்டில் போடும் பார் (கடலடிப் பாறைத் திட்டு) ஒன்று நாற்பது பாகம் ஆழத்தில் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை. மோட்டாரும் கேமராவும் வைத்து, வள்ளத்தில் இருந்தபடியே இயக்கும் கருவியை நானே செய்து இறக்க ஆசை. நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் செய்யலாமா? எந்த மோட்டார் வாங்குவது?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, மோட்டாரை அப்புறம் பார்ப்போம். நாற்பது பாகம் என்றால் சுமார் 73 மீட்டர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும், ஆக அங்கே 7 கிலோவுக்கு மேல். நாலு இஞ்ச் பைப்பின் மூடி ஒன்றின் மேல் மட்டும் சுமார் 700 கிலோ வந்து உட்காரும். பைப்பின் மேல் '6 கிலோ' என்று அச்சடித்திருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது உள்ளேயிருந்து தள்ளும் தண்ணீருக்கானது. வெளியேயிருந்து நெருக்கினால் மெல்லிய நீளமான பைப் அதற்கு முன்பே ஒரு பக்கம் மடங்கிவிடலாம். 2 அல்லது 3 இஞ்ச் விட்டத்தில், சுவர் தடித்த குட்டையான அலுமினியக் குழாய் எடுங்கள். நாகர்கோவிலில் நல்ல லேத் பட்டறையில் கொடுத்து மூடிக்கு ஓ-ரிங் (தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரப் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் தண்ணீர் உள்ளே போக ஒரு தலைமுடி அளவு வழி போதும்.

அதைவிட மோசமான வழி, கேபிள் நுழையும் ஓட்டை. வெளியே எவ்வளவு பசை பூசினாலும், உறை எங்காவது கிழிந்திருந்தால் கம்பி இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஊர்ந்து பெட்டிக்குள் வந்து சேரும். நுழையும் இடத்தில் உறையை உரித்து, இழைகளை ஈயத்தால் பற்றவைத்து, சுற்றிலும் எபாக்சி என்ற இறுகும் பசையை ஊற்றி முழுதாகக் காயவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் எலக்ட்ரானிக்ஸ் எதையும் வைக்காமல், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் போட்டு மூடி, நல்ல கனமான ஈயக்கட்டி கட்டி, அப்பாவின் வள்ளத்திலிருந்து அறுபது பாகம் வரை இறக்கி ஒரு மணி நேரம் விட்டுத் தூக்குங்கள். காகிதம் காய்ந்திருந்தால் மட்டுமே அடுத்த வேலை. எத்தனையோ பேர் கேமராவையும் போர்டையும் முதல் இறக்கத்திலேயே உப்புத் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

கரண்டை மேலிருந்து அனுப்பலாம் என்று தோன்றும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 100 மீட்டர் போய் 100 மீட்டர் திரும்பினால் தடை சுமார் 3.5 ஓம், 3 ஆம்பியர் இழுத்தாலே 10 வோல்ட் வழியிலேயே போய்விடும், 12 வோல்ட் பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் பேட்டரி கீழேயே இருக்கட்டும், கேபிளில் சிக்னல் மட்டும் போகட்டும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கேபிளை வில்லாக வளைத்து இழுக்கும் என்பதால் 73 மீட்டருக்கு 110 மீட்டராவது வேண்டும், சாதாரண லேன் கேபிளின் எல்லையோ 100 மீட்டர். வீட்டு மின்கம்பியில் இன்டர்நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி முறுக்குக் கம்பியிலேயே அதைத் தாண்டி வேலை செய்யும். பேட்டரி லித்தியமாக இருந்து உள்ளே உப்புத் தண்ணீர் போயிருந்தால் தீப்பிடிக்கலாம், வள்ளத்துக்குள் வைத்துத் திறக்காதீர்கள்.

மோட்டாருக்கு வருகிறேன். பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது) நனைந்தே ஓடும், சுருளில் வார்னிஷ் பூச்சு இருக்கிறது, ஆனால் பேரிங் துருப்பிடிக்கும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முதலில் ஊர்க் குளத்தில் ஓட்டிப் பழகுங்கள். குளத்தில் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் 10 கிலோ கருவிக்குக் கடலில் சுமார் 250 கிராம் கூடுதல் எடை வேண்டும், உப்புத் தண்ணீரின் அடர்த்தி அப்படி.

நான் உண்மையில் பயப்படுவது பாரில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளுக்குத்தான். மோட்டார் சுற்றும் விசிறிகளுக்குக் கம்பிக் கூடு போடுங்கள், பாரைத் தொடாமல் மேலேயே நிறுத்திப் பாருங்கள், கேபிளோடு கருவியைத் தூக்கும் அளவுக்குப் பலமான கயிறு ஒன்றும் போகட்டும். ஜப்பானின் கைகோ 1995இல் 10,911 மீட்டர் ஆழத்தைத் தொட்ட கருவி, 2003இல் கேபிள் அறுந்துதான் காணாமல் போனது. ஆனி, ஆடியில் கடல் கலங்கியிருக்கும், ஒன்றும் தெரியாது, தை, மாசியில் இறக்குங்கள். கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு கேபிள் எதற்கு? வைஃபையில் இயக்க முடியாதா?
- பிளஸ் டூ மாணவி, மார்த்தாண்டம்

பதில்: முடியாதும்மா. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும், வைஃபை சில சென்டிமீட்டரிலேயே செத்துப்போகும். அலைவரிசை குறையக் குறையத்தான் அலை உள்ளே இறங்கும். பக்கத்தில் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறதே, அது நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது அந்த மாதிரி மிகத் தாழ்ந்த அலைவரிசையில்தான். அதற்கே மிகப் பெரிய கோபுரங்கள் வேண்டும், அதிலும் குறுஞ்செய்திதான் போகும், வீடியோ போகாது.